கம்பீரத்துக்குப் பத்து மார்க்

கடித்த நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், போகிறவர்களும் வருகிறவர்களும் தாண்டித்தான் தீரவேண்டும் என்கிற மாதிரி நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது பஞ்சு. உடம்பு முழுக்க வெள்ளை. போன வாரம் அண்ணியின் தம்பி, ரொட்டி வேன் ஓட்டுகிறவர், வளர்க்க வாங்கிப்போன குட்டியைத் தூங்கும்போது ஆசையாகத் தூக்கப்போக, அவர் கையைப் பதம் பார்த்தது இதே பஞ்சுதான். கட்டுப்போட்ட கையோடு வந்து, "இந்தச் சனியன் இனிமே என் வாசல் மிதிக்கக்கூடாது" என்று கயிற்றை வீசிவிட்டுப் போனார். விட்டுப்போனது அக்காவின் வீட்டில் அல்ல, அக்கா புருஷனின் தங்கை வீட்டில். பஞ்சுவின் தாய் வெண்ணி அவளுடைய நாயாயிற்றே!

"கோபம் தாய்வழி ரத்தம்" என்று அன்றைக்கே தீர்ப்பும் எழுதிவிட்டார் அண்ணன். அவர் நாய்ச் சங்கத்தின் தலைவர். தங்கை செயலாளர். தலைவரின் தீர்ப்பைச் செயலாளர் ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தாள். விழுங்க முடியவில்லை.

இப்போது அவள் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. செருப்பைக் கழற்றிவிட்டு, பஞ்சுவின் முதுகுப் பக்கமாக வந்து நின்றாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தாள். தட்டைக் கீழே போட்டால் தரை அதிரும். நாய் அந்த அதிர்வை வயிற்றால் உணர்ந்து எழுந்துவிடும். கையைத் தட்டினால் காற்று அசையும். ரோமத்தில் பட்டதும் எழுந்துவிடும். எனவே அதிர்வும் கூடாது, காற்றும் கூடாது. சத்தம் மட்டும் போகவேண்டும்.

தட்டை மார்பளவுக்கு உயர்த்திப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தாள்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. பின்கட்டில் வெண்ணி குரைத்தது. பஞ்சுவின் காது மடல்கூட அசையவில்லை.

மறுபடி அடித்தாள். அதே தூக்கம்.

அப்புறம் குனிந்து, எட்ட இருந்தே, அதன் கழுத்தில் மெல்ல ஊதினாள். அவ்வளவுதான்! பஞ்சு விருட்டென்று துள்ளி, யாரென்றுகூடப் பார்க்காமல், காற்றைக் கடித்தது. பல்லோடு பல் மோதும் சத்தம் கேட்டது. மறுகணம் அவளைப் பார்த்ததும் வாலைக் குழைத்துக்கொண்டு காலடியில் வந்து விழுந்தது.

"கோபமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள் தங்கை அதனிடம். "பாவி, உனக்குக் காதே கேக்கல."

தட்டை மேடையில் வைக்கக்கூட இல்லை. அதைக் கையில் பிடித்தபடியே காரில் ஏறினாள்.

*

சங்கம் பிறந்தது அண்ணனின் கண்ணாடிக் கடையில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாள். கடைக்கு ஆள் வரவில்லை. அண்ணன், அண்ணி, தங்கை, இன்னும் இரண்டு நாய்ப் பிரியர்கள் கண்ணாடி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஆட்டு மந்தைகளுக்குக் காவல் இருந்த நாய்கள் குறைந்துகொண்டே வந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து, ஓர் இனமாக நிலைநிறுத்தவேண்டும் என்று முடிவாயிற்று.

ஓர் இனம் என்றால் அதற்கு இலக்கணம் வேண்டும். உயரம் இவ்வளவு, மூக்கு இப்படி, வால் அப்படி என்று வரையறுத்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போடவேண்டும். கண்காட்சியில் நடுவர் அந்த மார்க்கைப் பார்த்துத்தான் பரிசு கொடுப்பார். பரிசு வாங்கிய நாயோடுதான் எல்லாரும் தங்கள் நாயைச் சேர்க்க நினைப்பார்கள். ஆகவே இன்றைக்கு எழுதுகிற இலக்கணம்தான் நாளைக்குப் பிறக்கிற குட்டி.

இந்தக் கடைசி வரியைத்தான் அன்றைக்கு அந்த மேசையில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அண்ணனுக்கு அப்போதே ராசா கிடைத்திருந்தான். மேய்ப்பர் ஒருவரிடமிருந்து வந்த, ஒரு புள்ளிகூட இல்லாத பால்வெள்ளை நாய். மந்தை நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காதிலோ கண்ணைச் சுற்றியோ பழுப்புத் திட்டு இருக்கும். ஆனால் ராசாவை மேசைமேல் ஏற்றி, கண்ணாடி அளக்கும் மரச்சட்டத்தால் அளந்து, அவனையே இலக்கணமாக எழுதினார்கள். முழு வெள்ளைக்கு இருபது மார்க். திட்டு இருந்தால் தள்ளுபடி.

ராசாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூப்பிட்டால் ஓடிவரமாட்டான். நின்று, தலையை உயர்த்தி, நிதானமாகச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, கூப்பிட்டவர் கண்ணில் பட்டபிறகுதான் நடந்து வருவான்.

"பாரு, பாரு! தர்பாருக்கு வர்ற மாதிரி வர்றான்" என்று அண்ணன் மேசையைத் தட்டினார். "இதையும் எழுது. கம்பீரம். பத்து மார்க்."

எழுதியது தங்கை.

*

கடையில் அண்ணன் ஒரு பெரிய கண்ணாடிமேல் வைர முனையை இழுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை அறுப்பதில்லை; மேலே ஒரு கீறல் மட்டும் போட்டு, அடியில் ஒரு தட்டு தட்டினால் கீறல் போன வழியே அதுவாகப் பிளந்துகொள்ளும். கீறும்போது கை நின்றால் கண்ணாடி போச்சு. அதனால் தங்கை வாசலில் நின்று காத்திருந்தாள். அந்த ஒரு நாகரிகத்தைத்தான் அன்றைக்கு அவள் காட்டினாள்.

கீறி முடிந்தது.

"அண்ணா, இன்னைக்கு ராசாவும் வெண்ணியும் மறுபடி சேர வேண்டாம்."

"என்ன விளையாடறியா? அவளுக்கு இன்னைக்குத்தான் சரியான நாள். விட்டா இன்னும் ஆறு மாசம். எல்லா நாய்ச் சங்கத்துக்கும் மேலே இருக்கிற சம்மேளனத்துலேருந்து சாயங்காலம் ஆள் வர்றார். இன்னும் ஒரே ஒரு ஈத்து காட்டினா இனத்துக்கு அங்கீகாரம்."

"பஞ்சு செவிடு."

"அது கோபக்கார நாய். தாய்வழி..."

"தாய்வழி ரத்தம் கெட்டதுன்னா மறுபடி அந்தத் தாயையே ஏன் கேக்கறே? ஊர்ல வேற நாயே இல்லையா?"

உள்ளேயிருந்து அண்ணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பரிசு ரிப்பன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ தை" என்றார் அண்ணன் உள்ளே பார்த்து.

"தைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வாயையும் சேர்த்துத் தைக்கணுமா?"

தங்கை தட்டை மேசைமேல் வைத்தாள். வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிவைத்திருந்ததைச் சொன்னாள். காதுக்குள்ளே, ஆழத்தில், நிறம் தருகிற செல்கள் சில உண்டு. தோலுக்கு நிறம் தருகிற அதே வகை. கேட்கிற நரம்புக்கு வேண்டியது கிடைப்பது அவற்றால்தான். வெள்ளையோடு வெள்ளையாகவே சேர்த்துக்கொண்டு போனால் சில குட்டிகளுக்கு அந்தச் செல்கள் காதுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. பிறந்து சில வாரத்தில் காது செத்துவிடும். காதில் திட்டு இருக்கிற நாய்க்கு அந்த ஆபத்து குறைவு.

"நாம தள்ளுபடி பண்ணினோமே, அந்தத் திட்டு நாய்ங்க! அதுங்கதான் வேணும்."

"டாக்டர் எப்ப ஆனே?"

"நேத்து நாய் டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னதைத்தான் சொல்றேன்."

"எல்லாக் குட்டியையும் நான் பரிசோதிச்சேன்" என்றார் அண்ணன். குரல் உயர்ந்துவிட்டது. "பெட்டிப் பக்கத்துல நின்னு கை தட்டினேன். எட்டும் எழுந்துச்சு, பஞ்சுவும் சேர்த்து. நீயும் பக்கத்துலதான் இருந்தே. எழுந்துச்சா இல்லையா?"

எழுந்தது உண்மைதான். தங்கை தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

"சொல்லு. எழுந்துச்சா இல்லையா?"

"எழுந்துச்சு."

"அப்ப போய் உன் டிரைவிங் ஸ்கூலைப் பாரு."

"வெண்ணி என் நாய். நான் சம்மதிக்கல. அவ்வளவுதான், தலைவரே."

அவள் 'தலைவரே' என்று சொன்னால் வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்தது என்று பொருள்.

*

தங்கையின் பயிற்சிக் காரில் இரண்டு பிரேக். ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று அவள் காலடியில். அன்றைக்கு முந்தைய வகுப்புகளில் அவள் பிரேக்குக்கு ஓய்வே இல்லை.

ஸ்டியரிங்கில் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், ஸ்டியரிங்கை மட்டும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடித்திருந்தார்.

"மேடம், இன்னைக்கு நான் ஒரு தப்புகூடப் பண்ணல, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தாள். முன்னால் போன சாம்பல் நிறக் கார் நின்றால் இவரும் நின்றார். அது நகர்ந்தால் இவரும் நகர்ந்தார். அடுத்த சந்திப்பில் விளக்கு சிவப்பாக மாறிய பிறகும் சாம்பல் கார் நிற்காமல் போயிற்று. டாக்டரும் நிம்மதியாகப் பின்னாலேயே போனார்.

தங்கை தன் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. பக்கவாட்டில் ஒரு லாரி ஹாரனோடு கடந்தது.

"சிக்னலைப் பாக்கலையா சார்?"

"முன்னாடி வண்டி போச்சே மேடம்!"

"முன்னாடி வண்டியைப் பாத்து ஓட்டறது ஓட்டறதே இல்ல சார். அது போனா நீங்க போறீங்க, அது நின்னா நீங்க..."

பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவள் கண்முன் அந்தப் பெட்டி. எட்டுக் குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று. கை தட்டிய சத்தத்தில் ஏழு எழுகின்றன. எழுகிற ஏழும் எட்டாவதன்மேல் ஏறி மிதிக்கின்றன. அதுவும் எழுகிறது. தலைவர் எட்டும் தேர்ச்சி என்கிறார்.

குட்டியைத் தனியாகத் தூக்கிவைத்து, தூங்கவிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எத்தனை ஈத்து, எத்தனை பெட்டி! ஒரு குட்டியைக்கூட ஒருவரும் தனியாகப் பார்க்கவில்லை. சங்கமே அப்படித்தான் கை தட்டிக்கொண்டிருந்தது.

"இறங்குங்க சார்."

"மேடம்?"

"மன்னிச்சுக்கங்க. இங்கேருந்து ஆட்டோ கிடைக்கும். நாளைக்கு ரெண்டு மடங்கு சொல்லித்தரேன்."

*

வீட்டில் பஞ்சு மட்டும் இருந்தது. பின்கட்டு திறந்து கிடந்தது. வெண்ணி இல்லை.

அவள் வீட்டு மாற்றுச் சாவி அண்ணன் வீட்டில்தான் எப்போதும் இருக்கும்.

கடைக்குப் பின்னால் அண்ணன் வீட்டு முற்றத்துக்கு அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. நாய்கள் சேரும்போது சட்டென்று விலகுவதில்லை. உடல்கள் பூட்டிக்கொள்ளும், ஆண் திரும்பிவிடும், இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி, எதிரெதிர் திசையைப் பார்த்தபடி நிற்கும். அந்தப் பூட்டு தானாகத்தான் விடவேண்டும். இழுத்தால் இரண்டுக்கும் காயம். அதுவரை ஆளுக்கொரு தலையைப் பிடித்து அமைதிப்படுத்துவதுதான் மனிதர்களால் ஆகிற உபகாரம்.

ராசாவின் தலை அண்ணன் மடியில் இருந்தது. வெண்ணியின் தலையை அண்ணி பிடித்திருந்தாள்.

"அப்பாடா, வந்துட்டியா? நீ சரின்னு சொன்னதா உங்க அண்ணன் சொன்னார். நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்" என்ற அண்ணி, தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். "சொல்லலையா இவ?"

அண்ணன் ராசாவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னைத் திருட வெச்சீங்களா? என் கையால பூட்டைத் திறக்க வெச்சீங்களா?" அண்ணி எழுந்தேவிட்டாள். "ரிப்பன் தைக்கறதுக்கு ஒருத்தி, சாவி எடுக்கறதுக்கு ஒருத்தின்னு என்னை நெனச்சுட்டீங்களா?"

வெண்ணி மிரண்டு முன்னால் இழுத்தது, வலியில் முனகியது. தங்கை பாய்ந்துபோய் மண்டியிட்டு அதன் தலையைக் கட்டிக்கொண்டாள். "இரு, இரு கண்ணு. ஆடாதே."

ஆக, இரண்டு நாய்களின் நீளத்துக்கு இப்பாலும் அப்பாலும் அண்ணனும் தங்கையும். எழுந்து போகவும் முடியாது. கத்தவும் முடியாது, கத்தினால் நாய்கள் இழுக்கும். இவ்வளவு கோபத்தை இவ்வளவு மெல்லிய குரலில் அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் பேசியதில்லை.

"உன்னை மாதிரி ஒரு அண்ணன்..." என்றாள் தங்கை, வெண்ணியின் காதை வருடியபடி. "திருட்டு ராஸ்கல்."

"நல்லா இருக்குடி மரியாதை" என்றார் அண்ணன், ராசாவின் நெற்றியைத் தடவியபடி. "இனத்துக்காகச் செஞ்சேன்."

"எந்த இனம்? செவிட்டு இனமா? எட்டும் ஏன் எழுந்துச்சு தெரியுமா? ஏழு எழுந்து ஒண்ணை மிதிச்சுது. அதான் உன் பரிசோதனை."

கண்ணாடிக்காரர் மூளை, கீறல் விழுந்த இடம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"போதும், ரெண்டு பேரும் தண்ணியாவது குடிங்க" என்று அண்ணி சமையலறை வாசற்படியில் நின்று, கோபம் தீராமல், டம்ளரைத் தட்டில் ணங்கென்று வைத்தாள்.

வெண்ணியின் இரண்டு காதும் சட்டென்று வாசற்படிப் பக்கம் திரும்பின.

ராசா எதிர்ப்பக்கம் திரும்பினான். அங்கே வெறும் மதில்தான் இருந்தது.

தங்கையின் கை வெண்ணியின் கழுத்தில் அப்படியே நின்றது. "அண்ணி, அங்கேயே நின்னு ராசாவைக் கூப்பிடுங்க."

"இவனை எதுக்கு நான்..."

"கூப்பிடுங்க அண்ணி."

"ராசா!"

வாசற்படி ராசாவுக்கு இடதுபக்கம். அவன் வலதுபக்கம் மதிலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. தலையை உயர்த்தி, நிதானமாக, அரைவட்டம் போட்டு இடதுபக்கம் வந்து, அண்ணியைக் கண்டதும் வாலை ஆட்டினான்.

தர்பாருக்கு வருகிற மாதிரி.

"இப்ப மதில் பக்கம் போய்க் கூப்பிடுங்க."

அண்ணி போனாள், கூப்பிட்டாள். சொடுக்குப் போட்டாற்போல அவள் பக்கம் திரும்பினான்.

இரண்டு காதும் கேட்கிறவர்களுக்குச் சத்தம் ஒரு காதில் ஒரு நூலளவு முந்தி விழும். எந்தக் காதில் முந்தி விழுந்ததோ அந்தப் பக்கம்தான் சத்தம் என்று மூளை கணக்குப் போட்டுவிடும். ஒரு காது மட்டும் கேட்டால் கணக்குக்கு வழியில்லை. எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்கிற காதுப் பக்கமிருந்து வருகிற மாதிரியே இருக்கும். ஆள் அங்கே இல்லாவிட்டால் கண்ணால் தேடவேண்டியதுதான்.

"இடது காது செத்திருக்கு" என்றாள் தங்கை. "அவன் யோசிக்கல அண்ணா. தேடறான். அந்தத் தேடலுக்குத்தான் நாம பத்து மார்க் போட்டோம். எவன் தேடறானோ அவனுக்கு முதல் பரிசு. அவன் குட்டிதான் எல்லாருக்கும் வேணும். நான் எழுதினேன்... என் கையாலயே எழுதினேன்!"

"பொய்."

"நீயே பாரு."

அண்ணன் பார்க்கவேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் கை போய்விட்டது. ராசா கண்ணை மூடி அவர் முழங்காலில் தலை சாய்த்திருந்தான். அவன் வலது காதருகே நகத்தோடு நகத்தை மெல்லச் சுண்டினார். மடல் துடித்தது. இடது காதருகே சுண்டினார். மறுபடி சுண்டினார். அப்புறம், தரை அதிராமல் கவனமாக, சாவிக்கொத்தை அதே காதருகே காற்றில் தூக்கிப் பிடித்து மோதிரத்தால் தட்டினார். ராசா கண்ணைத் திறந்து மதிலைப் பார்த்தான்.

அவ்வளவு நேரமும் அண்ணன் முகத்தில் இருந்த கோபம் எங்கேயும் போகவில்லை. போக இடம் தெரியாமல் நின்றது.

"சந்தோஷமா உனக்கு?" என்றார்.

"அடி செருப்பால" என்றாள் தங்கை, மெல்ல.

அப்போது பூட்டு விட்டது. நாய்கள் இரண்டும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்ப் படுத்து, ஒன்றுமே நடக்காதது போலத் தங்களை நக்கிக்கொண்டன. தங்கை எழுந்து வெண்ணியின் கழுத்தில் கயிற்றை மாட்டினாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறேன். கரு தங்காம இருக்க ஊசி இருக்கு."

"தொட்டுப் பாரு" என்றார் அண்ணன், இப்போது முழுக் குரலில். "சங்கத்துல எத்தனை பேர் வீட்டுல ராசாவோட குட்டி இருக்கு தெரியுமா? அத்தனை பேர்கிட்டயும் நான் போய் என்னன்னு சொல்றது? செவிட்டு நாயை ராஜான்னு வித்தேன்னா?"

"ஆமா. அதைத்தான் சொல்லணும்."

"என்னை ஊர்ல நடமாட விடமாட்டாங்க!"

"என் தம்பி கையில தையல்" என்றாள் அண்ணி. "அவன்கிட்ட முதல்ல சொல்லுங்க."

வாசல் மணி அடித்தது.

யாரும் போகவில்லை. மணி அடித்தவரே கடை வழியாக முற்றத்துக்கு வந்துவிட்டார். சம்மேளனத்துக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அட்டை. மூன்று முகத்தையும் பார்த்துத் தயங்கியவர், ராசாவைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"இவன்தானா அவன்? ராசா! ராசா!"

ராசா எழுந்தான். மதிலைப் பார்த்தான். தலையை உயர்த்தி, நிதானமாக, அரைவட்டம் போட்டு வந்து, அவரைக் கண்டு நின்றான்.

"அடடா, அடடா!" என்றார் சம்மேளனத்துக்காரர். "கேள்விப்பட்டது பொய்யில்ல சார். என்ன கம்பீரம்! இதை இந்த இனத்தோட அடையாளமாவே நாங்க அறிவிக்கலாம்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று அவள் வாய் திறக்குமுன் அண்ணன் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

"சார், கொஞ்சம் இவனுக்கு இடது பக்கமா, அந்த வாசற்படிகிட்ட போய் நில்லுங்க" என்றார். "நின்னு, இன்னொரு தடவை கூப்பிடுங்க."

உண்மையைக் காட்டப்போகிறாரா, கம்பீரத்தை இன்னொரு தடவை காட்டி அங்கீகாரம் வாங்கப்போகிறாரா? பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற முகம்தான். ஆனாலும் தங்கையால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சம்மேளனத்துக்காரர் சிரித்துக்கொண்டே வாசற்படிப் பக்கம் நடந்தார்.